மக்காச்சோளத் தம்மடை
(மகளிர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

தென்மாவட்டத்து முஸ்லிம் வீடுகளில் தம்மடை என்று ஒரு பண்டம் உண்டு. ரவை, முட்டை, சீனி, நெய் கலந்து சட்டியில் ஊற்றி, அடியிலும் மூடி மேலும் தணல் வைத்து வேகவைப்பார்கள். அதே முறையில் மக்காச்சோள ரவையும் கொத்துக்கறியும் வைத்துக் கார அடை செய்யலாம். கறி விற்கிற விலையில், கால் கிலோவில் ஆறு பேர் பசியாறுவது சின்ன விஷயமா?

கடையில் ‘கார்ன் ஃப்ளோர்’ என்று கேட்டால் வெள்ளை வெளேரென்று ஒரு பாக்கெட் தருவார்கள். அது வெறும் மாச்சத்து, சூப் கெட்டியாவதற்கு உள்ளது; இதற்கு உதவாது. காய்ந்த மக்காச்சோளத்தை மில்லில் ரவையாக உடைத்து வாங்குங்கள். பூசணம் பிடித்த சோளத்தைக் கழுவிக் காயவைத்தும் சேர்க்காதீர்கள். அந்த நஞ்சு வேகவைத்தாலும் முழுதாகப் போகாது.

இரண்டு கப் ரவையை இரண்டு கப் மோரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். இந்த மாவுக்குப் பிடிப்பு கிடையாது, உதிரும். அதனால் இரண்டு முட்டை, அரை கப் கோதுமை மாவு, உப்பு, அரை தேக்கரண்டி சமையல் சோடா சேர்க்க வேண்டும். கொத்துக்கறியை வெங்காயம், இஞ்சி பூண்டு, மசாலாவுடன் தண்ணீர் சுண்டும்வரை வதக்குங்கள். ஈரம் இருந்தால் அடை நடுவில் களியாகிவிடும். அடிகனமான சட்டியில் எண்ணெய் தடவி, பாதி மாவு, கறி, மீதி மாவு. சட்டியை மூடி, தோசைக்கல் மேல் வைத்துச் சிறு தீயில் முக்கால் மணி நேரம். ஈர்க்குச்சி குத்தினால் ஒட்டாமல் வரவேண்டும். மேலே சிவக்க மூடியில் தணல் வைப்பவர்கள் வாசலில் வைத்துச் செய்யுங்கள். அடைத்த அறையில் கரிப்புகை உயிருக்கே ஆபத்து.

கறி இல்லாத நாளில் வெறும் சோளமாகச் செய்துவிடாதீர்கள். நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சோளமே பிரதான உணவாயிருந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, புத்தி பேதலித்து, உயிரும் போனது. பெல்லாக்ரா என்று பெயர். தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914-ல் ஆராயப் போன டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர், பால், முட்டை, இறைச்சி, பயறு கொடுத்தால் அது வராது என்று காட்டினார். ஆகவே கறிக்குப் பதில் அவித்த கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ வையுங்கள்.

இறக்கியதும் வெட்டாதீர்கள். பத்து நிமிஷம் ஆறினால்தான் துண்டு உடையாமல் வரும். மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கும் கட்டிக் கொடுக்க நினைத்தால், மிச்சத்தை ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் கல்லில் நன்றாகச் சூடுகாட்டுங்கள். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அன்றைக்கே தின்று தீர்த்துவிடுங்கள்.