ராஜா ஊரா, வெள்ளைக்காரன் ஊரா?

இன்னைக்கு எங்க வீட்டுச் சண்டையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

அப்பா ஊர் ஆலங்குடி பக்கம், அம்மா ஊர் ஒரத்தநாடு பக்கம். பஸ்ல போனா பக்கம்தான். ஆனா 1948 மார்ச் வரைக்கும் ஆலங்குடி, தொண்டைமான் மன்னர்களோட புதுக்கோட்டை சமஸ்தானம். ஒரத்தநாடு, வெள்ளைக்காரன் நேரடியா ஆண்ட தஞ்சாவூர் ஜில்லா. எந்தக் கல்யாணத்துல சந்திச்சாலும் மாமா ஆரம்பிச்சிடுவார்: "எங்க ஊர்ல புது ஆறு ஓடுது, வயல் விளையுது. எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துல வந்தது. உங்க ராஜா என்ன செஞ்சார் மச்சான்?" அப்பா விடமாட்டார். "முத்துலட்சுமி ரெட்டியை ஆம்பளப் பசங்க காலேஜ்ல சேர்க்கச் சொன்னது எந்த ராஜா மாப்ள?"

ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான். ஆனா ரெண்டையும் வச்சு எந்த ஆட்சி நல்லதுன்னு சொல்லவே முடியாது.

ஏன்னா, வெள்ளைக்காரன் கண்ணை மூடிக்கிட்டு ஊர் பிடிக்கல. வரி நல்லா வர்ற மண்ணாப் பார்த்து எடுத்தான். 1799லயே தஞ்சாவூர் நிர்வாகம் கம்பெனி கைக்குப் போயிடுச்சு. காவிரி டெல்டாவை யார் விடுவா? புதுக்கோட்டை வானம் பார்த்த பூமி, ஏரி குளத்தை நம்பின ஊர். போதாததுக்கு, தொண்டைமான்கள் கர்நாடகப் போர்கள்ல இருந்து கம்பெனிக்குத் துணையா நின்னவங்க. அதனால கப்பம்கூடக் கட்டாத சமஸ்தானமாவே தப்பிச்சுது. இப்ப இந்த ரெண்டு ஊரையும் ஒப்பிட்டா, காவிரி செஞ்ச வேலையும் கவர்னர் செஞ்ச வேலையும் ஒண்ணாக் கலந்து தெரியும்.

பொருளாதார ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலை எப்படிப் பிரிக்கிறாங்கங்கறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. லட்சுமி ஐயர்னு ஒரு பொருளாதார அறிஞர் 2010ல ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. அவங்க பிடிச்ச நூல் டல்ஹவுசி. 1848ல இருந்து 1856 வரை கவர்னர் ஜெனரலா இருந்தவர். ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, வாரிசு இழப்புக் கொள்கை. மன்னர் ஆண் வாரிசு இல்லாம செத்தா, தத்துப்பிள்ளை செல்லாது, நாடு கம்பெனிக்கு. சதாரா, ஜான்சி, நாக்பூர் எல்லாம் அப்படித்தான் போச்சு.

அந்த எட்டு வருஷத்துக்குள்ள ஒரு ராஜா பிள்ளை இல்லாம சாகறது மண்ணோட வளத்தைப் பொறுத்ததா? இல்ல, அது வெறும் தற்செயல். கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி சில சமஸ்தானம் அந்தப் பக்கம், சில சமஸ்தானம் இந்தப் பக்கம். அந்த ரெண்டையும் ஒப்பிட்டா மண்ணோட கணக்கு கழிஞ்சு, ஆட்சியோட கணக்கு மட்டும் மிஞ்சும்.

புதுக்கோட்டையையே எடுத்துக்கோங்க. 1839ல பட்டத்துக்கு வந்த ராமச்சந்திர தொண்டைமானுக்குப் பின்னால வர ஆண் வாரிசு இல்லாம போச்சு. 1877ல மகள் வயித்துப் பேரனைத் தத்தெடுத்தார். அதுக்குள்ள 1857 கலகம் முடிஞ்சு, டல்ஹவுசி கொள்கையைக் கைவிட்டாச்சு. தத்து செல்லும்னு 1862ல சனதும் குடுத்தாச்சு. இதே நிலைமை 1850ல வந்திருந்தா? சமஸ்தானமே இல்லாம போயிருக்கலாம். அந்தப் பேரன்தான் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், அப்பா பெருமையாச் சொல்ற ராஜா.

சரி, ஆய்வு என்ன சொல்லுது? மேலோட்டமாப் பார்த்தா நேரடி ஆட்சிப் பகுதிகள் விவசாயத்துல முந்தி நிக்குது. தேர்ந்தெடுத்து எடுத்த விஷயத்தைக் கழிச்சா அந்த முந்தல் காணாம போகுது. பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், ரோடு விஷயத்துல சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பகுதிகள் பின்தங்கியே இருந்திருக்கு. காலம் போகப் போக இடைவெளி குறையுது.

உடனே "ராஜாக்கள் தங்கம்"னு ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க. ராமச்சந்திர தொண்டைமான் கஜானாவைக் காலி பண்ணதுக்காக வெள்ளைக்கார அரசாங்கத்துக்கிட்ட திட்டு வாங்கினவர். அவங்க நெருக்கித்தான் 1878ல சேஷய்யா சாஸ்திரி திவானா வந்தார், ஏரிகளைச் சரிபண்ணார், புதுக்கோட்டை நகரத்தைத் திருத்தினார். அதாவது மோசமா ஆண்டா பதவி போகும்ங்கற பயம் ராஜாவுக்கு இருந்துச்சு. கலெக்டருக்கு மேல அப்படி யார் இருந்தா? ஜனங்க ஓட்டுப் போட்டு அவரை மாத்த முடியுமா? ஆட்சியோட தரம் பிற்காலத்தையும் பாதிக்குதுன்னு ஆய்வு காட்டுது. இந்தப் பயம்தான் முக்கியக் காரணம்னு நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணு, இது இந்தியா முழுசுக்குமான சராசரிக் கணக்கு. ஆலங்குடி ஒரத்தநாட்டை ஜெயிச்சுதுன்னு இதுல எங்கயும் இல்ல. அப்பாக்கிட்ட இதைச் சொன்னப்ப முகம் வாடிப்போச்சு. மாமா, "அப்ப புது ஆறு கணக்குல வராதா?"ன்னு கேட்டார். வரும் மாமா, ஆனா அதைக் காவிரி பேர்ல எழுதணும்.

இதே மாதிரி தற்செயலை வச்சு உலக அளவுல யோசிச்சவங்கதான் 2024ல பொருளாதார நோபல் வாங்கின அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன். அவங்க எடுத்தது வாரிசு இல்லாத ராஜாவை இல்ல, காலனிக்குப் போன ஐரோப்பியர்களைக் கொன்ன மலேரியாவையும் மஞ்சள் காய்ச்சலையும். அந்தக் கதை அடுத்த எபிசோடுல.