அளவே அறிவு
(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இதே பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் நான். என் அம்மா பால்மரம் வெட்டியவர். இன்று நான் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் உலை பார்க்கும் தொழில்நுட்பப் பணியாளன். "என்ன உலை, சோறு வேகுற உலையா?" என்று அம்மா கேட்பார். கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் வேகுவது சிலிக்கன்.

சிலிக்கன் மணலிலிருந்து கிடைப்பது. அதை மிக மிகத் தூய்மையாக்கி, மெல்லிய வட்டத் தகடுகளாக அறுக்கிறார்கள். தூய சிலிக்கனில் மின்சாரம் சரியாக ஓடாது. சிலிக்கன் அணுவுக்கு நான்கு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கும் பக்கத்து அணுக்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே ஐந்து கை உள்ள பாஸ்பரஸ் அணு ஒன்றை நுழைத்தால், மிச்சமுள்ள ஓர் எலெக்ட்ரான் சுற்றி வரத் தொடங்கும். மூன்று கை உள்ள போரானை நுழைத்தால் ஓர் இடம் காலியாகும். பத்து லட்சம் சிலிக்கன் அணுக்களுக்கு ஒரே ஒரு பாஸ்பரஸ் அணு போதும். மின்சாரத்தைக் கடத்தும் திறன் பல லட்சம் மடங்கு கூடிவிடும்!

எப்படி நுழைப்பது? ஒரு வழி, தகடுகளைக் குவார்ட்ஸ் குழாயில் அடுக்கி 1000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குவது. வெந்நீரில் தேயிலைச் சாயம் பரவுகிற மாதிரி, அந்த அணுக்கள் மெல்ல மெல்ல உள்ளே பரவும். ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு ஆழம்தான் போகும். இரண்டு மடங்கு ஆழம் வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம் வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கால்வின் ஃபுல்லர் என்பவர் இவ்வகைப் பரவலை ஆராய்ந்தார். அதன் பயனாக 1954-இல் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் சிலிக்கன் கலம் பிறந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் இரவு ஷிஃப்டில் 45 நிமிடம் என்று அழுத்த வேண்டியதை 54 என்று அழுத்திவிட்டேன். ஐம்பது தகடுகள். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் அந்த நேரத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. விடியும்வரை நெஞ்சு அடித்துக்கொண்டது. காலையில் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். ஐம்பதும் குப்பைக்குப் போயின. எனக்கு எச்சரிக்கைக் கடிதமும் கிடைத்தது. "தம்பி, உலை தப்பு பண்ணல. நீதான் திரும்ப ஒருதரம் பாக்கல. ஆனா வந்து சொன்னே பாரு, அதுக்காகத்தான் உன்னை வச்சிக்கிறோம்" என்றார் அவர்.

அந்தப் பாடம் பிறகு வீட்டில் உதவியது. என் அக்காள் மகனுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. மருத்துவமனையில் ஏற்றிய மருந்துகளில் ஒன்று வின்கிறிஸ்டின். அது நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது என்று கேள்விப்பட்டதும் அம்மா இலையைப் பறிக்கக் கிளம்பிவிட்டார். "ஊசி எதுக்குடா? காய்ச்சிக் கொடுத்தா ஆகாதா?" என்றார்.

அம்மாவின் கேள்வி மட்டமானதல்ல. ஜமைக்காவில் இந்த இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் குடித்தார்கள். அதைக் கேட்டுத்தான் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்னும் இருவர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன! 1958-இல் வின்பிளாஸ்டின் என்னும் மருந்துப் பொருளை அறிவித்தார்கள். அதன் உறவான வின்கிறிஸ்டினுக்கு 1963-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆனால் ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும். குழந்தையின் உடல் அளவைக் கணக்கிட்டுத்தான் மருந்து ஏற்றுகிறார்கள். பெரியவர்களுக்கும்கூட ஒரு வேளைக்கு இரண்டு மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகப் போவதில்லை. அது ஓர் அரிசி மணியில் பத்தில் ஒரு பங்கு! கூடினால் நரம்பு கெடும். கஷாயத்தில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று யார் சொல்வது? ஊசியோடு அதுவும் சேர்ந்தால்?

"அம்மா, ஒன்பது நிமிஷம் கூடினதுக்கே ஐம்பது தகடு போச்சு. இது நம்ம பிள்ளைம்மா" என்றேன். அம்மா இலையைக் கீழே போட்டுவிட்டார். பையன் இன்று நலமாகப் பள்ளிக்குப் போகிறான்.

மாணவச் செல்வங்களே! அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அந்த அளவு எது என்று கண்டுபிடிப்பதுதான் அறிவியல். பாட்டி சொல்லும் மூலிகைப் பெயர்களை நோட்டில் எழுதி வையுங்கள். ஆனால் அளந்து பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். தப்பு செய்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இன்று பரிசு வாங்காதவர்களும் கலங்க வேண்டாம். இந்த மேடையில் நானும் ஒரு நாளும் பரிசு வாங்கியதில்லை!