நோயும் மொழியும்

கொள்ளை நோய் இனம் பார்த்துத் தொற்றுவதில்லை. ஆயினும், அந்நோயினின்று தம்மைக் காத்துக்கொள்ளும் வழி எல்லா இனத்தார்க்கும் ஒரே வேளையில், ஒரே தெளிவோடு சென்று சேர்கின்றதா? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா முதலிய மாவட்டங்களைக் கொண்ட வன்னிப் பெருநிலம் இவ்வினாவுக்கு விடை கூறும்.

1987ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. எனினும், 2020 மார்ச் 20ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்ட பின், அறிவித்தல்கள் பல சிங்களத்தில் முதலில் வருகின்றன, தமிழ் பின்னரே வருகின்றது என்னும் முறைப்பாடு எழுந்தது. கொரோனாக் காலத்தில் ஒரு நாள் தாமதமும் சிறிதன்று. செய்தி வாராத வீட்டில் வதந்தி முந்திக் குடிபுகும்.

மொழி ஒன்றே தடையன்று. சொல்பவர் யார் என்பதும் உண்டு. 2009இல் போர் முடிந்தபோது, வன்னி மக்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளத்து முகாம்களில் படையினரின் காவலில் அடைக்கப்பட்டிருந்தனர். 2020இல் தனிமைப்படுத்தல் முகாம்களை நடத்தும் பொறுப்பும் படையினரிடமே விடப்பட்டது. வவுனியாவின் பம்பைமடுவிலும் அத்தகைய முகாம் அமைந்தது. 'முகாம்' என்னும் சொல் கொழும்பிலே மருத்துவ ஏற்பாட்டைக் குறிக்கலாம். வன்னியிலோ அது பழைய புண்ணைத் தொடும். அச்சங்கொண்டவர் தம் காய்ச்சலை மறைக்க முற்படுவார். அம்மறைவே நோய்க்கு வாய்ப்பாகும்.

முஸ்லிம் மக்கள் பட்ட துயரம் வேறு. இறந்தோரை அடக்கஞ் செய்யலாம் என உலகச் சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2020 ஏப்ரலில் தகனமே கட்டாயமாக்கப்பட்டது. 2021 பெப்ரவரியிற்றான் அவ்விதி தளர்ந்தது. அதன் பின்னரும் அடக்கத்துக்கு ஓட்டமாவடியே இடமாயிற்று. வவுனியாவிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் அது நெடுந்தொலைவு. இதற்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. சடலத்தையேனும் மதியாத அரசின் அறிவுரையை உயிரோடிருப்போர் எங்ஙனம் நம்புவர்?

ஆகவே, மொழிபெயர்ப்பை விரைவுபடுத்துவது மட்டும் போதாது. அறிவித்தல் தமிழிலும் முதலிலேயே எழுதப்படல் வேண்டும். வீடுவீடாகச் சென்று தாய்மாரை நேரில் அறிந்த மருத்துவிச்சி, ஊரை அறிந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றின் பெரியோர் — இவர்களின் வாய்மொழியாக அது ஊரை அடைதல் வேண்டும். இந்நம்பிக்கை நோய் வந்தபின் தேடிக் கிடைப்பதன்று. நோயில்லாக் காலத்திலேயே வளர்த்துவைக்க வேண்டிய மருந்து அது.