வராத மின் நிலையமும் நிற்காத ஆலையும்
(தோட்டக் கமிட்டித் தலைவர்மாருக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



"புதுசா ஒரு திட்டம் வருது, அது வந்த பிறகு எல்லாம் சரியாகிடும்" என்று நம்மிடம் சொல்லும்போது சங்கம் என்ன கேட்க வேண்டும்? இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன். உதாரணம் நோர்வே. தொழிற்சங்கம் பலமாக உள்ள, பணமும் உள்ள நாடு. அங்கேயே ஒரு பெரிய திட்டம் எப்படிக் கைநழுவியது என்று பார்ப்போம்.

நோர்வேயின் நடுப்பகுதியில், லெவாங்கருக்குப் பக்கத்தில், ஸ்கோக்ன் என்று ஓர் ஊர். அங்கே கடலோரத்தில் 1966 முதல் ஒரு காகித ஆலை ஓடுகிறது. பத்திரிகை அச்சடிக்கும் காகிதம் செய்கிறார்கள். மரத்தை அரைக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். காகிதத்தை உலர்த்த நீராவி வேண்டும்.

நம்முடைய தேயிலைத் தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். ரோலருக்கு மின்சாரம், ட்ரையருக்கு விறகுச் சூடு. இரண்டுக்கும் தனித்தனிச் செலவு. வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தில் சூட்டில் பெரும் பங்கு வீணாகப் போகிறது. அந்தச் சூட்டைப் பக்கத்து ஆலைக்குக் கொடுத்தால் ஒரே எரிபொருளில் இரண்டு வேலையும் நடக்கும். இப்படி ஒரு நிலையத்தைத்தான் ஸ்கோக்ன் ஆலை வளவில் கட்டத் திட்டமிட்டார்கள். சுமார் 800 மெகாவொட். நம் நுரைச்சோலை 900 மெகாவொட் என்பதை வைத்து அளவைப் புரிந்துகொள்ளுங்கள்.

யோசனை நல்லதுதான். ஆனால் இரண்டு முடிச்சுகள் விழுந்தன.

முதலாவது, வாயு. கடலிலிருந்து எடுக்கும் வாயு, தூரத்தில் உள்ள சியெல்பெர்கொட்டன் என்ற இடத்தில்தான் கரைக்கு வந்தது. அங்கிருந்து ஸ்கோக்னுக்குப் புதிதாகக் குழாய் போட வேண்டும். மின் நிலையம் உறுதியானால்தான் குழாய்க்குப் பணம் போட முடியும். குழாய் உறுதியானால்தான் மின் நிலையம் கட்ட முடியும். ஒன்றை ஒன்று பார்த்து நின்றன.

இரண்டாவது, புகை. அந்த அளவு நிலையம் ஆண்டுக்கு 20 இலட்சம் தொன் அளவில் காபனீரொட்சைட்டை வெளியே விடும். அப்போது நோர்வேயின் மின்சாரமோ ஏறக்குறைய முழுவதும் நீர் மின்சாரமாக இருந்தது. "நமக்கு ஏன் இது?" என்று மக்கள் கேட்டார்கள். வாயு மின் நிலையப் பிரச்சினையிலேயே 2000 மார்ச் மாதத்தில் பிரதமர் பொண்டவிக்கின் அரசாங்கம் கவிழ்ந்தது. பெரிய தொழிற்சங்கச் சம்மேளனம் தொழிலைக் காக்க வாயு வேண்டும் என்றது. இளைஞரும் சுற்றாடல் அமைப்புகளும் மறியல் செய்யத் தயாரானார்கள். 2005இல் வந்த கூட்டணி அரசாங்கம், புதிய நிலையங்கள் காபனீரொட்சைட்டைப் பிடித்து வைக்க வேண்டும் என்ற கொள்கையை எடுத்தது. மொங்ஸ்டாட் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இதே மாதிரி ஒரு கூட்டு நிலையம் 2010இல் இயங்கத் தொடங்கியது. அங்கே முழு அளவில் பிடிக்கும் திட்டத்தை 2013இல் கைவிட்டார்கள்.

ஸ்கோக்னில் நிலையம் எழும்பவில்லை. குழாயும் வரவில்லை.

ஆனால் ஆலை நிற்கவில்லை, தோழர்களே. 2017இல் தாய்க் கம்பனி கடனில் மூழ்கி முறிந்தபோதும் ஆலை ஓடியது. 2018இல் அதே வளவில் இன்னொரு நிறுவனம், மீன் வளர்ப்புக் கழிவையும் ஆலைக் கழிவையும் சேர்த்து வாகனங்களுக்கு உயிர்வாயு எரிபொருள் செய்யத் தொடங்கியது. தூரத்துக் குழாயை எதிர்பார்க்காமல், கையருகே இருந்த பொருளில் அந்த வேலை தொடங்கியது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். யாராவது பெரிய திட்டம் சொன்னால் எதிர்க்கவும் அவசரப்பட வேண்டாம், கைதட்டவும் அவசரப்பட வேண்டாம். கேளுங்கள்: எரிபொருள் எங்கிருந்து வரும்? அதைக் கொண்டுவரும் செலவு யாருடையது? எந்த அனுமதி இன்னும் கிடைக்கவில்லை? திட்டம் நின்றால் தொழிலாளிக்கு என்ன? பதிலை எழுத்தில், திகதியோடு வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வரப்போகும் திட்டத்தைக் காட்டி இன்றைய கோரிக்கையைத் தள்ளிவைக்க விடாதீர்கள். ஒழுகும் லயத்துக் கூரைக்கும், பழுதான ட்ரையருக்கும், நிலுவைச் சம்பளத்துக்கும் இந்த மாதமே பதில் வேண்டும். புதிய திட்டம் வந்தால் வரட்டும், அதற்குத் தனியாகப் பேசுவோம்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்த நான்கு கேள்விகளையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.