கடவுச்சொல் பெட்டியும் பீட்டா பதிப்பும்



அல் ஐனில் வேலை பார்க்கும் ஒரு தமிழரின் போனில் எத்தனை பூட்டுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அரசு வேலைகளுக்கு யுஏஇ பாஸ். சம்பளம் விழும் வங்கியின் செயலி. ஊருக்குப் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சின் செயலி. ஊரில் என்ஆர்ஈ கணக்கின் நெட்பேங்கிங், வருமான வரி இணையதளம், டிஜிலாக்கர், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்தால் ஆபத்து. வெவ்வேறாக வைத்தால் மறந்துபோகிறது. இதற்காக வந்தவைதான் பாஸ்வேர்டு மேனேஜர் என்கிற செயலிகள். கனடாவின் ஒன்பாஸ்வேர்டு, மூலநிரலை எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கும் பிட்வார்டன், கணக்கே தொடங்காமல் ஒரே கோப்பாக நம் கையில் இருக்கும் கீபாஸ், நம்ம சென்னையில் வேர்விட்ட ஜோஹோ நிறுவனத்தின் வால்ட் என்று பல இருக்கின்றன. ஒரே ஒரு முதன்மைக் கடவுச்சொல்லை நினைவில் வைத்தால் போதும், மற்ற எல்லாவற்றையும் செயலி பார்த்துக்கொள்ளும்.

இந்தச் செயலிகளைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அவற்றின் பீட்டா பதிப்புகளை. அதாவது, எல்லாருக்கும் வெளியிடுவதற்கு முன்னால், விருப்பப்பட்டவர்களிடம் கொடுத்துச் சோதிக்கும் பதிப்பு. அதில் நுழைவது எப்படி, அதைவிட முக்கியமாக, அதிலிருந்து வெளியே வருவது எப்படி?

பீட்டா என்ற பெயர் நமக்குப் பயம் தருவதில்லை. அதற்கும் காரணம் உண்டு. ஜிமெயில் 2004 ஏப்ரலில் வந்தது. 2009 ஜூலை வரை ஐந்து ஆண்டுக்கு மேல் அதன் பெயருக்குப் பக்கத்தில் பீட்டா என்றே போட்டிருந்தார்கள். கோடிக்கணக்கானவர்கள் நிம்மதியாக மின்னஞ்சல் அனுப்பினார்கள். அதனால் பீட்டா என்றால் கொஞ்சம் புதுசு, அவ்வளவுதான் என்று பழகிவிட்டோம். கேமரா செயலியிலோ பாட்டுச் செயலியிலோ அப்படி நினைத்தால் பரவாயில்லை. செயலி நின்றுபோனால் ஒரு பாட்டு கேட்க முடியாது. ஆனால் கடவுச்சொல் பெட்டி நின்றுபோனால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை கதவும் சேர்ந்தே மூடும்.

அப்படியிருந்தும் ஏன் சேர்கிறார்கள்? புதிய வசதி முதலில் அங்கேதான் வருகிறது. கடவுச்சொல்லே இல்லாமல் கைரேகையாலோ முகத்தாலோ உள்ளே போக வைக்கும் பாஸ்கீ முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐபோனில் ஐஓஎஸ் 17, ஆண்ட்ராய்டில் 14ஆம் பதிப்பு, இரண்டுமே 2023இல் வந்தவை. அவை வந்த பிறகுதான் வெளி நிறுவனங்களின் கடவுச்சொல் செயலிகளும் பாஸ்கீயை போனுக்குள் பத்திரப்படுத்த வழி திறந்தது. அதை முதலில் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்குப் பீட்டாதான் வாசல். நியாயமான ஆசைதான்.

சேர்வது ரொம்ப எளிது. ஆண்ட்ராய்டு போனில் ப்ளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய்க் கீழே தள்ளிக்கொண்டே வாருங்கள். பீட்டாவில் சேரச் சொல்லி ஒரு சிறு கட்டம் இருக்கும். ஜாயின் என்பதை அழுத்தினால் சில நிமிடத்தில் பீட்டா பதிப்பு அப்டேட்டாக வந்து, இருக்கிற செயலியின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். சில நேரம் இடம் நிரம்பிவிட்டது என்று பதில் வரும். ஐபோனில் டெஸ்ட்ஃப்ளைட் என்ற ஆப்பிளின் தனிச் செயலி வேண்டும். பொதுச் சோதனைக்கு ஒரு செயலிக்கு 10,000 பேர் வரை சேர்க்க ஆப்பிள் அனுமதிக்கிறது. அங்கேயும் பீட்டா வந்தால் பழைய பதிப்பின் இடத்தில்தான் உட்காரும். போனின் முகப்பில் செயலியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆரஞ்சுப் புள்ளி தெரியும். வேறு அடையாளம் எதுவும் இல்லை.

வெளியே வருவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ப்ளே ஸ்டோரில் அதே பக்கத்தில் லீவ் என்று இருக்கும், அழுத்திவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுவோம். வளைகுடாவில் இருக்கிற நமக்கு இதைச் சொன்னால் உடனே புரியும்: ராஜினாமா கடிதம் கொடுத்த அன்றே விசா கேன்சல் ஆகிவிடுவதில்லை. லீவ் அழுத்துவது அந்தக் கடிதம் மட்டும்தான். போனில் இருக்கும் பதிப்பு இன்னமும் பீட்டாவே. பழைய நிலைக்கு உடனே திரும்ப வேண்டுமென்றால் செயலியை முழுக்க நீக்கிவிட்டு, மறுபடி நிறுவ வேண்டும்.

ஏன் இப்படி? ஒவ்வொரு பதிப்புக்கும் உள்ளே ஓர் எண் இருக்கிறது. பெரிய எண்ணின் மேல் சின்ன எண்ணை நிறுவ ஆண்ட்ராய்டு விடாது. அது பிடிவாதம் இல்லை. புதிய பதிப்பு தகவலைச் சேமிக்கும் முறையையே மாற்றியிருக்கலாம். பழைய பதிப்புக்கு அதைப் படிக்கத் தெரியாமல் போகலாம். அதனால்தான் நீக்கச் சொல்கிறது. நீக்கும்போது அந்தச் செயலி போனுக்குள் வைத்திருந்த தகவல் எல்லாம் போய்விடும். நிறுவனத்தின் சர்வரில் பிரதி இருக்கும் செயலியானால் மறுபடி உள்ளே நுழைந்ததும் திரும்பி வரும். ஆனால் இணையம் இல்லாத நேரத்தில் நீங்கள் சேர்த்து, இன்னும் மேலே ஏறாத பதிவு திரும்பி வராது. கீபாஸ் மாதிரி ஒரே கோப்பில் வைக்கும் முறையில், அந்தக் கோப்பு செயலியின் சொந்த இடத்துக்குள் இருந்தால் செயலியோடு சேர்ந்து அதுவும் போகும்.

ஐபோனில் கொஞ்சம் சுலபம். டெஸ்ட்ஃப்ளைட்டில் சோதனையை நிறுத்திவிட்டு ஆப் ஸ்டோர் பதிப்பை நிறுவினால் அது பீட்டாவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரு காலக்கெடு உண்டு. டெஸ்ட்ஃப்ளைட்டில் வரும் ஒவ்வொரு பதிப்பும் 90 நாளில் காலாவதி. அதற்குள் அடுத்தது வராவிட்டால், அல்லது வந்தும் நீங்கள் போடாமல் விட்டால், ஒரு நாள் காலையில் பெட்டி திறக்காது.

இப்போது அல் ஐனின் தொழிற்பேட்டைப் பகுதியான சனையாவில் ஒரு கராஜில் வேலை பார்க்கும் ஒரு தம்பியை நினைத்துக்கொள்வோம். செயலியைத் தினமும் விரல் வைத்துத்தான் திறக்கிறார். பீட்டாவில் ஏதோ தொல்லை, நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார். புதிதாக நிறுவிய செயலிக்கு அவருடைய விரல் தெரியாது. முதன்மைக் கடவுச்சொல்லைக் கேட்கிறது. கடைசியாக அதைத் தட்டியது எப்போது என்றே அவருக்கு நினைவில்லை. நிறுவனத்துக்கு எழுதிப் போட்டாலும் பயனில்லை. நல்ல பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனம் எதற்கும் அந்தச் சொல் தெரியாது, தெரியக் கூடாது என்றே பெட்டியைக் கட்டியிருக்கிறார்கள். ஒன்பாஸ்வேர்டில் அதற்கு மேல் 34 எழுத்தும் எண்ணுமாக ஒரு ரகசியச் சாவியும் வேண்டும். அது அச்சடித்து வைக்கச் சொல்லிக் கொடுத்த எமர்ஜென்சி கிட் தாளில் இருக்கும். அந்தத் தாளை எடுத்து வைத்தாரா?

சரி, பெட்டி போகட்டும், ஒவ்வொரு கணக்காகக் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம் என்றால் அதற்கு ஓடிபி வர வேண்டும். ஊரின் வங்கி ஓடிபி ஊர் சிம்முக்குப் போகிறது. அந்த சிம் சூட்கேஸின் அடியில் கிடக்கிறது, ரீசார்ஜ் போட்டுப் பல மாதம் இருக்கும். இந்தியாவில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், கணக்கில் 20 ரூபாய் இருப்பும் இல்லாமல் கிடக்கும் ப்ரீபெய்டு எண்ணைத் தொலைபேசி நிறுவனம் நிறுத்திவிடலாம். இங்குள்ள எண்ணோ எமிரேட்ஸ் ஐடியோடு கட்டியது. வேலை முடிந்து ஊர் திரும்பினால் அதுவும் கையில் இருக்காது. சென்னையில் உட்கார்ந்து பீட்டா போடுகிறவருக்கும் அல் ஐனில் உட்கார்ந்து போடுகிறவருக்கும் பெரிய வித்தியாசம் இதுதான். சென்னைக்காரர் வங்கிக் கிளைக்கு ஆட்டோ பிடித்துப் போய்விடுவார். நம் கிளை கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

ஆகவே பீட்டாவில் கால் வைக்கும் முன்னால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். போனில் கை வைக்காமல், ஒரு கணினியில் அந்தச் செயலியின் இணையதளத்துக்குப் போய் முதன்மைக் கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே போய்ப் பாருங்கள். போக முடிந்தால் உங்களுக்கு வழி இருக்கிறது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வைத்திருந்தால் அதன் மீட்புக் குறியீட்டை எழுதி வையுங்கள். அந்தச் சரிபார்ப்பு எண்ணையே இதே பெட்டிக்குள் வைத்திருக்கிறவர்கள் உண்டு. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் பூட்டியது மாதிரிதான் ஆகும், உடனே மாற்றிவிடுங்கள்.

பிறகு ஒரு பிரதி. சர்வரில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பீட்டாவின் பிழை ஒரு பதிவைக் கெடுத்தால், கெட்டுப்போன பதிவுதான் சர்வருக்கும் உங்கள் மற்றப் போனுக்கும் போகும். எக்ஸ்போர்ட் என்று ஒரு வசதி பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது. அதில் சிஎஸ்வி கோப்பு என்பது எல்லாக் கடவுச்சொல்லும் வெட்ட வெளிச்சமாக இருக்கும் கோப்பு. அதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளாதீர்கள். டைப்பிங் சென்டரில் கொடுத்து அச்சடிக்கவும் செய்யாதீர்கள், அந்தக் கணினியில் கோப்பு தங்கிவிடும். பிட்வார்டனில் பூட்டிய எக்ஸ்போர்ட் எடுக்கலாம். அதிலும் இரண்டு வகை. உங்கள் கணக்கோடு மட்டும் கட்டுப்பட்ட வகையை விட்டுவிட்டு, தனிக் கடவுச்சொல் போடும் வகையை எடுங்கள். முதல் வகையை அந்தக் கணக்கே போய்விட்டால் திறக்க முடியாது. இன்னொன்று, சிஎஸ்வி கோப்பில் பாஸ்கீகள் வராது. பாஸ்கீயைச் சோதிக்கவே பீட்டாவில் சேர்கிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். வங்கிக்கும் முதன்மை மின்னஞ்சலுக்கும் பாஸ்கீயை பீட்டாவில் மட்டும் வைக்காதீர்கள், வேறு ஒரு வழியும் திறந்திருக்கட்டும்.

பீட்டா என்ற பெயரில் வரும் மோசடியும் உண்டு. 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதைப் பற்றித் தனியாகவே எச்சரித்தது. சோதனைப் பதிப்பு என்று சொல்லிப் போலிச் செயலியை நிறுவ வைத்து மோசடிக்காரர்கள் பணத்தைக் கறக்கிறார்கள். சோதனைப் பதிப்புகள் முழுமையான பரிசீலனைக்குள் போகாமல் வர வாய்ப்பு இருப்பதை அவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். கடையிலேயே போலி நுழைந்ததும் நடந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் லாஸ்ட்பாஸ் என்ற செயலியின் பெயரை ஒரே ஓர் எழுத்து மாற்றி, லாஸ்பாஸ் என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. ரூம் நண்பர் அனுப்பும் ஏபிகே என்ற நிறுவல் கோப்பு, டெலிகிராம் குழுவில் வரும் இணைப்பு, இவை எதிலிருந்தும் கடவுச்சொல் செயலியை நிறுவவே கூடாது. கூகுள் ப்ளே இல்லாத ஹுவாவே போன் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆசை கொஞ்சம் அதிகமாகவே வரும். அவர்கள் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் என்ன இருக்கிறதோ அதோடு நின்றுகொள்வதே நல்லது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, அப்படியானால் பீட்டா பக்கமே போக வேண்டாமா என்று கேட்டால், போங்கள் என்றுதான் சொல்வேன். இன்னொரு பழைய போனில், இன்னொரு கணக்கில், முக்கியமில்லாத நாலைந்து கடவுச்சொற்களோடு போங்கள். நம்மைப் போன்றவர்கள் சோதித்தால்தான் நம் தொல்லைகள் அவர்களுக்குத் தெரியும். வலமிருந்து இடமாக ஓடும் அரபிப் பக்கத்தில் செயலி எந்தக் கட்டத்தை நிரப்புகிறது? கடவுச்சொல்லை ஒட்டவே விடாத வங்கிப் பக்கங்களில் தானாக நிரப்பும் வசதி வேலை செய்கிறதா? தமிழ் விசைப்பலகை திறந்திருக்கும்போது நிரப்பும் பட்டை தெரிகிறதா? கலிஃபோர்னியாவிலும் டொராண்டோவிலும் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு இவை எளிதில் கண்ணில் படாது.

அதைத் தெரிவிக்கவும் வழி இருக்கிறது. டெஸ்ட்ஃப்ளைட்டில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலே அதைக் கருத்தாக அனுப்பவா என்று கேட்கும். ஆண்ட்ராய்டில் பீட்டாவில் இருக்கும்போது ப்ளே ஸ்டோரில் நீங்கள் எழுதும் கருத்து பொதுவில் தெரியாது, நிறுவனம் மட்டும் படிக்கும். எந்தத் தளம், எந்தப் போன், எந்தப் பதிப்பு எண், எதை அழுத்தியதும் என்ன ஆனது என்று அதில் எழுதுங்கள். படம் அனுப்பினால் அதில் உங்கள் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தெரிகிறதா என்று ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.