மழையைக் கற்பிக்கும் ஆசிரியர்

(அபிராமபுரத்தில், ஒரு கல்லூரியின் பட்டமளிப்பு விழாவில் நிகழ்த்திய உரை)



பட்டமளிப்பு விழாவில் பேச வருகிறவர் வாழ்க்கை முழுவதற்கும் பொருந்தும் உபதேசங்களைச் சொல்வது வழக்கம். நானோ ஒரே ஓர் உத்தியோகத்தைப் பற்றி மட்டும் உங்களோடு பேச விரும்புகிறேன். பெருமழை, புயல், வறட்சி, வெப்ப அலை ஆகிய உக்கிரமான நிகழ்ச்சிகளின் காரண காரியங்களை ஆராய்வதையும், ஆராய்ந்ததை மாணவர்களுக்குக் கற்பிப்பதையுமே தம் ஆயுட்காலப் பணியாகக் கொள்ளும் சர்வகலாசாலை ஆசிரியரின் பதவியே அது. அத்தகைய பதவிகளை நிரந்தரமாக ஏற்படுத்துவது சென்னை நகரத்துக் கல்வி ஸ்தாபனங்களின் கடமை என்பதும், அவற்றுக்குத் தகுதியானவர்களாக உங்களில் சிலரேனும் வளர வேண்டும் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

நாம் கூடியிருக்கும் இந்தப் பேட்டைக்குக் கிழக்கே கடலும், அதற்கு முன்னால் பக்கிங்ஹாம் கால்வாயும், தெற்கே அடையாறும் இருக்கின்றன. இவற்றின் நடுவே குடியிருக்கும் நமக்கு மழை வெறும் பேச்சுப் பொருள் அன்று. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்ததையும், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடித் தண்ணீர் திறக்கப்பட்டதையும், சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் குடும்பங்கள் உடுத்த துணியோடு வெளியேறியதையும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதே நகரத்தில், நான்கு வருஷங்கள் கழிந்து 2019 கோடையில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோக, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு தலைமுறைக்குள் வெள்ளத்தையும் தாகத்தையும் மாறி மாறி அனுபவித்த ஊர், அவற்றின் காரணத்தைச் சிரத்தையோடு கற்பதைத் தவிர வேறு எந்தப் படிப்பை அவசரமானதென்று கருத முடியும்?

இன்னும் நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. 2021 டிசம்பர் 30-ஆம் தேதி பிற்பகலில் மயிலாப்பூரைச் சுற்றிலும் சில மணி நேரத்துக்குள் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இவ்வளவு பெரிய மழை வருமென்று அன்று காலை முன்னறிவிப்பு எதுவும் கூறவில்லை. வீடு திரும்பும் வழியில் ஆயிரக்கணக்கானோர் தெருக்களில் சிக்கினர். மின்சாரம் தாக்கி உயிர்ச்சேதமும் நேர்ந்தது. இதைக் கொண்டு வானிலை ஆய்வு மையத்தாரைக் குறைகூறுவது சுலபம், நியாயம் அன்று. வடகிழக்குப் பருவக்காற்றின் மழை மேகங்கள் பல சமயங்களில் சில கிலோமீட்டர் அகலமே உடையவை. கடற்காற்றும் நிலக்காற்றும் எதிர்ப்பட்டுக் குவியும் ஒரு மெல்லிய கோட்டில் அவை பிறக்கின்றன. அந்தக் கோடு சற்றே கடலுக்குள் நகர்ந்தால் மழை அலைகளின் மேல் விழுந்துவிடும், கரைமேல் நிலைத்துவிட்டால் ஒரு பேட்டை மூழ்கும். 2025 மே மாதத்தில் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த பாரத் முன்னறிவிப்பு முறை, வாயுமண்டலத்தை 6 கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. உலகத்தின் சிறந்த முறைகளோடு ஒப்பிடத்தக்க பெரும் சாதனை அது. ஆயினும் மயிலாப்பூரும் அபிராமபுரமும் அடையாறும் அத்தகைய ஒரே சதுரத்துக்குள் அடங்கிவிடக் கூடியவை.

இங்கேதான் ஆசிரியரின் தேவை புலனாகிறது. முன்னறிவிப்புச் செய்யும் அதிகாரிக்கு நேற்றைய மழையை நினைத்துக்கொண்டிருக்க அவகாசம் இல்லை. நாளைய மழை அவருடைய மேஜைமேல் வந்து காத்திருக்கிறது. அந்த டிசம்பர் பிற்பகலில் மேகங்கள் ஏன் நகராமல் நின்றன என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, ராடார் பதிவுகளையும் கடலின் உஷ்ணத்தையும் மேல்காற்றின் போக்கையும் ஒப்பிட்டு, ஒரு மாணவர் விட்ட இடத்தில் மற்றொரு மாணவர் தொடர, ஐந்து வருஷமானாலும் பத்து வருஷமானாலும் விடை காணும்வரை ஓயாமல் உழைக்கக்கூடிய இடம் சர்வகலாசாலை ஒன்றே. வானிலைத் துறை இன்றைக்குப் பயன்படுகிறது. ஆசிரியர் இனி வரப்போகும் முன்னறிவிப்பாளர்களையே உருவாக்குகிறார்.

இந்தச் சாஸ்திரம் நம் ஊருக்குப் புதிதென்று எண்ணிவிடாதீர்கள். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டப்பட்ட வானாய்வுக் கூடத்தின் கருங்கல் தூண், தமிழ் எழுத்துகளையும் தாங்கி, இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கே 1796 முதல் வானிலையைக் குறித்துவைக்கும் வழக்கம் தொடங்கிற்று. அவ்வாறு குறித்துவைத்த பரம்பரையின் பயனை ஓர் உதாரணத்தால் அறியலாம். 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் பெய்த மழை 104.9 சென்டிமீட்டர். இதுபோன்ற மழை முன்னெப்போதும் பெய்ததில்லை என்று பலர் நம்பினார்கள். ஆனால் 1918 நவம்பரில் அதே இடத்தில் 108.8 சென்டிமீட்டர் பெய்தது என்று பழைய பதிவேடு சொல்கிறது. பெயர் தெரியாத ஒரு குமாஸ்தா அந்த மாதம் நாள் தவறாமல் மழைமானியைப் பார்த்து எழுதிவைத்திராவிட்டால், நம் அனுபவத்தை அளந்து பார்க்க நம்மிடம் கோலே இருந்திராது.

அளவையின் மேன்மையைப் பேசும்போது, இதே நகரத்தில் மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்ற அன்னா மணி அம்மையாரை நினையாமல் இருக்க இயலாது. 1918-இல் பீர்மேட்டில் பிறந்த அவர், பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் வைரங்களின் ஒளியியலை ஆராய்ந்து, 1945-இல் தம் ஆய்வேட்டைச் சென்னைச் சர்வகலாசாலைக்குச் சமர்ப்பித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கப்படவில்லை. அதன்பின் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளில் தேர்ச்சி பெற்று, 1948-இல் வானிலைத் துறையில் சேர்ந்து, அதுவரை வெளிநாட்டிலிருந்து தருவித்த கருவிகளை நம் நாட்டிலேயே செய்வதற்கும் அவற்றைத் துல்லியமாகத் தரப்படுத்துவதற்கும் வழிசெய்தார். சூரிய ஒளியை அளக்கும் நிலையங்களைத் தேசமெங்கும் நிறுவினார். பிழையான அளவைக் காட்டிலும் அளக்காமல் இருப்பதே மேல் என்பது அவருடைய கொள்கை. அவர் 1976-இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார்.

பட்டம் பெறும் நாளில் பட்டம் கிட்டாத ஒருவரை நான் நினைவூட்டுவது, ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களும் இந்தச் சபையில் இருக்கிறார்கள் என்பதால்தான். அம்மையார் எதையும் இழந்துவிடவில்லை. அவரைப் பேராசிரியராகப் பெற்றிருக்கக்கூடிய சர்வகலாசாலைதான் இழந்தது. விசாகப்பட்டினத்து ஆந்திரச் சர்வகலாசாலையிலும் கொச்சிச் சர்வகலாசாலையிலும் வானிலைக்கென்று துறைகள் நெடுங்காலமாக இருக்கின்றன. நம் மாகாணத்தில் கோயம்புத்தூர் வேளாண்மைச் சர்வகலாசாலையில் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையமும், கிண்டியில் அண்ணா சர்வகலாசாலையின் காலநிலை மாற்ற மையமும் நடைபெறுகின்றன. இவை போதா. திட்டத்தின் பணம் தீர்ந்ததும் கலைந்துபோகும் தற்காலிக நியமனங்களால் முப்பது பருவமழைகளைப் பார்த்த ஓர் ஆசிரியர் உருவாகமாட்டார்.

நிரந்தரப் பதவியின் மற்றொரு பயன், உண்மையைத் தயங்காமல் சொல்லும் சுதந்திரம். வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும் என்பது பௌதிக விதி. ஆகவே உலகம் சூடேறச் சூடேறப் பெருமழைகள் வலுப்பதற்கு இடம் உண்டு. ஆனால் 2015 டிசம்பர் மழையை ஆராய்ந்த டெல்லி ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த கிருஷ்ணா அச்சுத ராவும் இடம்பெற்ற சர்வதேச விஞ்ஞானிகள் குழு, அந்தக் குறிப்பிட்ட மழையில் மனிதச் செயலின் பங்கைத் தெளிவாகக் காண இயலவில்லை என்றே 2016-இல் அறிவித்தது. புவி வெப்பத்தைப் பற்றி நன்கு அறிந்தவர்களே அவ்வாறு சொன்னார்கள் என்பதில்தான் சாஸ்திரத்தின் கௌரவம் இருக்கிறது. வானத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு, ஏரியையும் சதுப்பு நிலத்தையும் மூடிக் கட்டிய குற்றத்திலிருந்து நாம் தப்பித்துக்கொள்ளாதிருக்க இத்தகைய நேர்மையே நமக்குக் காவல்.

விஞ்ஞானம் படிக்காத மாணவர்கள் இதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத பேச்சென்று கருத வேண்டாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக்கு அருகே ஒரே நாளில் உருப்பெற்று வலுத்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய கிராமங்களின் மீனவர்கள் முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தார்கள். கரையில் ஏற்றிய எச்சரிக்கைக் கூண்டு அவர்கள் கண்ணுக்கு எட்டவில்லை. வானிலைச் செய்தி உரிய நேரத்தில், உரியவருக்கு, அவர் பேசும் பாஷையில் சென்று சேர்ந்தால்தான் அது அறிவாகும். அந்தச் செய்தியை எளிய தமிழில் எழுதத் தமிழ் மாணவர் வேண்டும். பழைய தாலுகாப் பதிவேடுகளிலிருந்து மறந்துபோன வெள்ளங்களை மீட்டுத் தரச் சரித்திர மாணவர் வேண்டும். பயிருக்கும் படகுக்கும் நியாயமான காப்பீட்டை வகுக்க வணிகவியல் மாணவர் வேண்டும். சிதறிய எண்களில் ஒழுங்கைத் தேடக் கணித மாணவர் வேண்டும். இவர்களையெல்லாம் ஒரே மேஜையைச் சுற்றி உட்காரவைக்கும் கடமையும் நான் கூறும் ஆசிரியருடையதே.

இளைஞர்களே, யுவதிகளே! இந்தப் பணியில் செல்வம் அதிகம் சேராது. புகழும் மெதுவாகத்தான் வரும். தொடங்கிய ஆராய்ச்சி முடிவதற்குள் தலை நரைத்துவிடலாம். ஆனால் நீங்கள் கற்பித்த மாணவர் ஒருவர், ஒரு நவம்பர் மாத விடியற்காலையில் சரியான எச்சரிக்கையை ஒரு மணி நேரம் முன்னதாகக் கொடுப்பாராயின், ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து குழந்தைகளும் முதியோரும் பத்திரமாக வெளியேற அந்த ஒரு மணி நேரம் போதும். அதைவிடப் பெரிய சம்பாத்தியம் ஓர் ஆசிரியருக்கு இல்லை. ஆகவே இந்த ஊரின் மழையைப் படியுங்கள். அதைப் படிப்பிக்கத் தகுதி பெறுங்கள். அந்தத் தகுதி பெற்றவருக்கு இடம் தர வேண்டுமென்று உங்கள் கல்லூரிகளையும் அரசாங்கத்தையும் உரிமையோடு கேளுங்கள். உங்கள் உழைப்பு சித்திக்க மனமார ஆசீர்வதித்து அமர்கிறேன்.