காய்ச்சலுக்கும் கணக்கு உண்டு
(சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உலகம் சூடாகிறது, காற்று கெடுகிறது, புதுப்புது நோய்கள் பரவுகின்றன என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. பால் வெட்டுகிறவருக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் இதில் என்ன வேலை என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். நம் தோட்டத்துச் சரித்திரத்தைப் புரட்டினால் அந்த நினைப்பு மாறிவிடும்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் ரப்பர் நடுவதற்காகக் காட்டை வெட்டினார்கள். மலையோரத்து ஓடைகளில் நிழல் போய் வெயில் விழுந்தது. வெயில் படும் தெளிந்த நீரில் மலேரியாக் கொசு பெருகிற்று. லாபம் கண்ட பங்குதாரர்கள் லண்டனில் இருந்தார்கள். லயத்தில் கிடந்த நம் பாட்டன் பாட்டிமார் காய்ச்சலில் மாண்டார்கள். 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடியச் செய்தார். காய்ச்சல் குறைந்தது. தலைவிதி என்று நாம் நினைத்திருந்த நோய், மண்வெட்டிக்குப் பணிந்தது! சிங்கப்பூரில் மலேரியா ஒழிந்துவிட்டதென்று 1982-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இனி புகையைப் பாருங்கள். சுமத்ராவில் தோட்டம் போடுவதற்காக வைத்த தீயினால், 2013 ஜூன் 21-ஆம் தேதி சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டது. 300-ஐத் தாண்டினாலே அபாயம். வீட்டுக்குள் இருந்தவர் கதவைச் சாத்திக்கொண்டார். வெட்டவெளியில் வேலை செய்கிறவர் எதைச் சாத்துவார்? அடுத்த ஆண்டு சிங்கப்பூர் ஒரு சட்டம் செய்தது. வெளிநாட்டில் தீ வைத்து இங்கே புகையனுப்பும் கம்பெனியையும் அந்தச் சட்டப்படி வழக்கில் நிறுத்தலாம்.

2020-இல் கொரோனா வந்தது. விடுதிகளில் நெருக்கியடித்துத் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர் சுமார் 3,23,000 பேர். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களில் 47 சதவிகிதம் பேரை நோய் தொற்றிவிட்டது. ஊர் திறந்த பிறகும் அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. ஞாயிறுதோறும் கூடிப் பேசிய இந்தத் தேக்கா வட்டாரத்துக்கு வர அவர்கள் அனுமதிக்காகக் காத்திருந்தார்கள். புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்ற விதி 2021-இல்தான் வந்தது. முன்பே வந்திருந்தால் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள்!

இப்போது வெயிலின் முறை. 2023 மே 13-ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் மனிதவள அமைச்சு ஒரு விதி செய்தது: வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த அளவு 32 டிகிரியை எட்டினால், வெளியில் கடின வேலை செய்கிறவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிஷம் ஓய்வு. 33-ஐ எட்டினால் 15 நிமிஷம்.

தோழர்களே, இந்த நான்கிலும் நாம் காண்பது ஒன்றே. நிலத்தையும் வீட்டையும் வேலையையும் அமைக்கிறவர் ஒருவர். அதனால் வரும் நோயில் படுப்பவர் வேறொருவர். ஆகவே வடிகாலும், காற்றோட்டமுள்ள வீடும், நிழலில் ஓய்வும் சம்பளத்தைப் போலவே நாம் கேட்டுப் பெற வேண்டிய உரிமைகள். காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலியை வெட்டினால், தொழிலாளி நோயை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார். அது அவரோடு நிற்காது. லயம் முழுவதும் பரவும்.

பால்வெட்டும் தோழர்களே, உடம்பு தாங்காதபோது வாய்திறந்து சொல்லுங்கள். கிராணித் தோழர்களே, பால் எடையைக் குறிக்கும் அதே பேனாவால் யார் எந்தத் தேதியில் காய்ச்சலில் படுத்தார், யார் வெயிலில் மயங்கினார் என்பதையும் குறித்து வையுங்கள். நாளை பேச்சுவார்த்தை மேஜையில் நம் வாய்ப்பேச்சை மறுக்கலாம். தேதி போட்ட கணக்கை எளிதில் மறுக்க முடியாது.